நாலு ஜிபி மதி

கைலாஷ் சாருக்கு எதற்கெடுத்தாலும் ஒரே மலையாளச் சொல்தான்: மதி. போதும் என்று பொருள். புதிய இயங்குதளத்துக்கு எட்டு ஜிபி நினைவகம் வேண்டும், நாங்கள் அதை விற்கப்போகும் பள்ளியின் அறுபது கம்ப்யூட்டரிலும் நாலுதான் இருக்கிறது என்று ஒரு வாரமாகக் கத்திக்கொண்டிருந்தேன்.

"நாலு மதி, ஜானவி. நாளைக்கு நீ வாயத் தொறக்காதே" என்றார்.

இன்று கழக்கூட்டத்தில் இருக்கும் எங்கள் ஆபீஸில் முன்னோட்டம். மேஜைமேல் அவர் வைத்தது பதினாறு ஜிபி மெஷின். தொட்டதெல்லாம் பட்பட்டென்று திறந்தது. பள்ளி மேனேஜர் ஸ்மிதா மேடம் ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டு, "மதி" என்றார். சார் சிரித்தபடி ஒப்பந்தத்தையும் பேனாவையும் நீட்டினார். மேடம் பேனாவைத் தொடவில்லை. பள்ளிக் கம்ப்யூட்டர் ஒன்று காரில் இருக்கிறது, எடுத்து வாருங்கள் என்றார்.

அதில் புதிய இயங்குதளத்தை ஏற்றினோம். திரையில் வட்டம் சுற்ற ஆரம்பித்தது. பன்னிரண்டு நிமிஷமாகியும் நிற்கவில்லை. ஏசி அறையில் சாரின் கழுத்து வியர்த்திருந்தது.

மேடம் என் பக்கம் திரும்பி, என்னைச் சொல்லச் சொன்னார். "மோளே, நீ பறயூ. நாலு மதியோ?"

"போதாது, மேடம். எட்டு ஜிபியாவது வேணும். மொதல்ல காட்டின மெஷின்ல பதினாறு இருக்கு. நான் அன்னிக்கே சார்கிட்ட..."

"மதி, ஜானவி" என்றார் கைலாஷ் சார்.