கலவைக்குத் தண்ணீர் இல்லை

எங்கள் சந்தில் பாதாளச் சாக்கடை வேலை தொடங்கியதிலிருந்து சிமெண்ட் கலவைக்கு என் கிணற்றுத் தண்ணீர்தான் போனது. தண்ணி லாரி நுழைய முடியாத சந்து. கேட்டார்கள், கொடுத்தேன். அந்த நன்றிக்கோ என்னவோ, சூப்பர்வைசர் சிவசங்கர் என் கொல்லைச் சுவரை ஒட்டித் தரையில் சுண்ணாம்பு வட்டம் போட்டார். மேன்ஹோல் அங்கேதான் வருமாம். சுவருக்கு இந்தப் பக்கம் கிணறு. ஒரு விரிசல் விட்டால் போதும், தெருக் கழிவைத்தான் நாங்கள் குடிக்க வேண்டும்.

சந்து முனைக்குத் தள்ளிக் கட்டச் சொன்னேன். பிளானை மாற்ற முடியாது, வேண்டுமானால் கிணற்றை மூடிவிட்டுக் குழாய்த் தண்ணீர் பிடியுங்கள் என்றார். அந்தக் குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று குழாய்க்கே தெரியாது. என் வீட்டுக்காரர் சாதுல்லா, கவர்மெண்டோடு மோதாதே என்று சொல்லிவிட்டுக் கடைக்குக் கிளம்பினார். நான் மோட்டார் ரூமைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

"குடிக்கக் கேட்டா குடம் குடமா குடுப்பேங்க. கலவைக்கு ஒரு சொட்டு கெடையாது."

சிவசங்கர் சிரித்துக்கொண்டே எதிர்வீட்டுக் காசியம்மாளிடம் போனார். கிணறு நாறினால் தன் போர்த் தண்ணீரும்தானே நாறும் என்று அவள் கதவைச் சாத்திவிட்டாள். சிமெண்டும் மணலும் தெருவில் காய்ந்துகொண்டு கிடந்தன.

மதியம் இருசப்பன் வந்து குடிக்கத் தண்ணீர் கேட்டார். கல்வராயன் மலையிலிருந்து கூலி வேலைக்கு வந்தவர். ஒரு குடம் இறைத்துக் கொடுத்தேன். சிவசங்கருக்குக் குறுக்குப் புத்தி வந்துவிட்டது. அதைக் கலவையில் ஊற்றச் சொன்னார். இப்படியே குடம் குடமாக வாங்கி மேன்ஹோலைக் கட்டிவிடலாம் என்ற நினைப்பு. நான் வாசலில் நின்று பார்த்தேன். கொடுத்த தண்ணீரைத் திருப்பிக் கேட்கவா முடியும்?

இருசப்பன் குடத்தைச் சாய்க்கவில்லை.

"குடிக்கன்னு சொல்லி வாங்கியாந்தேன் சார். இத கலவைல ஊத்த மாட்டேன்."

முதலில் அவர் குடித்தார். பிறகு மற்றக் கூலியாட்களும் கையேந்திக் குடித்தார்கள். காலிக் குடத்தை என்னிடம் கொடுத்துவிட்டு எல்லோரும் நிழலில் உட்கார்ந்துவிட்டார்கள்.

வெயிலில் நின்று கத்திப் பார்த்த சிவசங்கர், கடைசியில் என் வாசலுக்கு வந்தார். தண்ணீர் வேண்டும் என்றார். "இன்னாத்துக்குங்க?" என்றேன். தலையைக் குனிந்துகொண்டு, குடிக்கத்தான் என்றார். சொம்பு நிறையக் கொடுத்தேன்.

"வட்டத்த அழிச்சிட்டு வாங்க. மோட்டார் போடறேன்."

யாரிடமோ நெடுநேரம் போனில் பேசினார். பிறகு சந்து முனையில் புது வட்டம் போட்டுவிட்டு வந்து, பழையதைச் செருப்பால் தேய்த்தார். ஓரத்தில் கொஞ்சம் வெள்ளை மிச்சமிருந்தது. அதுவும் போகிறவரை சாவியை நான் எடுக்கவில்லை.