பொன்னெழுத்துக்குக் காத்த ஒன்பது நாள்

தொலைவில் பனிமலைகள் வெளுத்து நிற்க, முசுக்கட்டைப் பழங்கள் உதிர்ந்து வாய்க்காலோரமெங்கும் கறுத்துக் கிடக்க, மண்ணடுப்பில் வெந்த அப்பத்தின் மணம் சந்துதோறும் பரவ, உஸ்பெக் நாட்டு மர்கிலான் மாநகர் திருமணப் பருவத்துள் புகுந்திருந்த முற்பகல் அது. அறிவுசால் அன்பரே, அவ்வேளையில் அச்சகமொன்றில் அழைப்பிதழ் அட்டைகளை மாற்றி மாற்றித் தடவிப் பார்த்து நின்ற பள்ளியாசிரியர் தோலிப்ஜானை நான் நன்கறிவேன். பிடிவாதத்தில் அவரை வெல்ல எங்கள் தெருவில் ஒருவரே உண்டு. அவர் அவருடைய அண்ணன் எர்காஷ்.

எட்டாண்டுகளுக்கு முன், தந்தையின் முற்றத்தைப் பங்கிட்டபோது வாய்ச்சண்டை முற்றி, இருவருக்குமிடையே ஆளுயர மதிலொன்று எழுந்தது. பேச்சும் அன்றே நின்றது. இப்போது தோலிப்ஜானின் மகளுக்கு மணம் கூடியிருந்தது. ஊர் வழக்கப்படி, அழைப்பிதழில் வீட்டார் பெயர்களுள் முதற்பெயர் குடும்பத்து மூத்தவருடையது. விருந்தினரை முன்னின்று வரவேற்பதும் அவரே. அண்ணனை எப்படியேனும் அவ்விடத்தில் நிறுத்திவிட வேண்டும் என்று ஏங்கிய ஆசிரியருக்கு, வெறுங்கையோடு சென்று கதவைத் தட்ட மட்டும் கூசியது. அண்ணன் பெயர் பொன்னாய் மின்னும் அழைப்பிதழை நீட்டிவிட்டால் வாய் திறக்கவே வேண்டியிராது என்று அவர் கணக்கிட்டார்.

"வாத்தியாரே, டிஜிட்டல்ல போட்டா ஒரு மணி நேரம்தான். டீ குடிச்சிட்டு வாங்க, முந்நூறும் ரெடியா இருக்கும்," என்றாள் அச்சக உரிமையாளர் மஸ்தூரா. "தங்க எழுத்துன்னா பித்தளையில பிளாக் வெட்டி தாஷ்கண்ட்லேருந்து வரணும். ஒன்பது நாள் ஆகும். அதுக்குள்ள பொண்ணு மனசு மாறாம பாத்துக்குங்க!"

"எங்கண்ணன் பேரு தட்டையாக் கிடக்கக் கூடாதும்மா. விரல் வச்சா எழும்பி நிக்கணும்."

அன்று மாலை அவர் மனைவி ஓய்நிசா தலையில் அடித்துக்கொண்டாள். "அட்டை கிடக்கட்டுங்க. பத்தடி தூரம். ரெண்டு அப்பத்தை எடுத்துக்கிட்டு இப்பவே போங்களேன்!"

"எட்டு வருசத்தை ரெண்டு அப்பத்துல முடிக்கச் சொல்றியா? சும்மா இரு."

எட்டாம் நாள், ஊர்ப் பெரியோர் முன்பே குறித்தபடி, மணவேலைகளைப் பகிர்ந்தளிக்கும் ஆலோசனை விருந்து நடந்தது. மூத்தவர் தலைமை தாங்க வேண்டிய அவ்விருந்துக்கும் தோலிப்ஜான் அண்ணனை அழைக்கவில்லை. மறுநாள் அட்டை வந்துவிடும், எல்லாவற்றையும் சேர்த்தே சொல்லிவிடலாம் என்றிருந்தார். சொன்னபடியே அட்டை வந்தது. அழகென்றால் அப்படியோர் அழகு! புத்தாடை உடுத்தி, அதை இருகையாலும் ஏந்தி, எட்டாண்டுக்குப் பின் அண்ணன் வீட்டுக் கதவைத் தட்டினார். எர்காஷின் மருமகள் மொஹ்லாராய் திறந்தாள்.

"மாமா நேத்து சாயங்காலமே ரஷ்யாவுல கசானுக்கு, மக வீட்டுக்கு, ரயில் ஏறிட்டாரு, சின்ன மாமா. கல்யாணச் சேதி கேட்ட நாள்லேருந்து சவரம் பண்ணி, நல்ல அங்கி போட்டுக்கிட்டு முற்றத்துலயே உக்காந்திருந்தாரு. 'தம்பி வருவான், தாழ் போடாதே'ன்னு சொல்லிட்டே இருந்தாரு. நேத்து உங்க விருந்துப் புலாவு வாசம் மதில் தாண்டி வந்துச்சு. அப்புறம் அவரே எழுந்து தாழ் போட்டாரு."

தோலிப்ஜான் அண்ணனைத் தொலைபேசியில் அழைத்து, அட்டையைப் பற்றிச் சொன்னார்.

"பேரை மேலே போட்டிருக்கியா? சரி," என்றது அண்ணனின் குரல். "ஊரே கூடிப் பேசினப்ப நான் பக்கத்துலதான்டா இருந்தேன். கல்யாணம் நல்லபடியா நடக்கட்டும்."

நடந்தது. பொன்னெழுத்தை வாசித்துவிட்டு வந்தவர்கள் அத்தனை பேரும், "எர்காஷ் அண்ணன் எங்கே?" என்று கேட்டார்கள். "கசான் போயிருக்காரு," என்று ஒவ்வொருவரிடமும் சொன்ன தோலிப்ஜானின் குரல், நண்பகலுக்குள் கம்மிப்போயிற்று. மஸ்தூராவின் கடையில் ஒரு மணி நேரத்தில் மலிவாய் அச்சாகிய, மை சற்றே மங்கிய அட்டையொன்று அவர் கையில் முதல் நாளே இருந்திருப்பின், அன்பரே, அண்ணன் அதைப் படித்துக்கூடப் பார்த்திருக்க மாட்டார், தம்பியைத்தான் பார்த்திருப்பார்.