கேப்டன் போட்ட சத்தம்

அருள்நாதனின் தொண்டையைப் பற்றி போர்ட் பிளேயரில் ஒரு கேலி உண்டு. ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் நின்று அவன் ஒரு சத்தம் போட்டால், கிளம்பிப்போன லாஞ்சுப் படகும் திரும்பி வந்துவிடும் என்பார்கள். கொஞ்சம் மிகைதான். ஆனால் ஜெட்டிக்காரர்கள் சேர்ந்து வைத்திருந்த நீலச்சட்டை ஃபுட்பால் டீமே அந்தத் தொண்டையை நம்பித்தான் இருந்தது. பதினொரு பேரில் நாலு பேர் தமிழ், மூன்று பேர் வங்காளி, இரண்டு தெலுங்கு, ஒரு மலையாளி, ஒரு ராஞ்சிக்காரர். ஒருவர் பேச்சு இன்னொருவருக்கு அரைகுறையாகத்தான் புரியும். வேறு கேப்டனாக இருந்தால் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

அருள் ஒரு வழி கண்டுபிடித்தான். மைதானத்துக்குள் இந்திதான், அதுவும் எண்ணி ஆறே சொல். 'ஆகே' என்றால் முன்னே ஓடு. 'சோடோ' என்றால் பந்தை விட்டுவிடு. 'பத்லி' என்றால் ஆளை மாற்றிக்கொள், நீ பிடித்தவனை நான் பிடிக்கிறேன், நான் பிடித்தவனை நீ பிடி. சொல் காதில் விழுந்ததும் கால் நகர வேண்டும். ஏன் எதற்கு என்று யோசிக்கிறவனுக்கு நீலச்சட்டை கிடையாது. மூன்று வருஷம் மழை வெயில் பாராமல் இதையே பழக்கினான்.

"நல்ல கேப்டன்னா யாருன்னு நெனைக்கிறீங்க? கோல் போடறவன் இல்ல. சொன்னதும் கேக்கற பத்து பேர வச்சிருக்கறவன்" என்று டீக்கடையில் உட்கார்ந்து பீற்றிக்கொள்வான். யாரும் மறுத்ததில்லை. அந்தப் பெருமைதான் கடைசியில் அவன் தலையில் விடிந்தது.

அறுபத்தேழாம் வருஷம், ஆகஸ்ட். ஞாயிற்றுக்கிழமை ஃபைனல். எதிரில் மரம் அறுக்கும் மில்லின் டீம், மரமில். போன வருஷமும் இதே இரண்டு டீம்தான் ஃபைனலில் மோதின. அன்று மரமில்லின் நூர்முகம்மது பந்தோடு பாய்ந்து வர, கோலைக் காத்து நின்ற பன்னீர்செல்வம் குறுக்கே விழுந்தான். முழங்கால் போயிற்று. பிறகு அவனால் மூட்டை தூக்க முடியவில்லை. கோடவுன் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, போகிற வருகிறவர்களை முறைத்துக்கொண்டிருந்தான். நூர் வேண்டுமென்று செய்யவில்லை. அருள் அதைப் பக்கத்திலிருந்து பார்த்தவன். ஆனால் ஜெட்டியில் இதை யாரிடம் சொல்வது? ஒரு வருஷமாக அங்கே ஒரே பேச்சு: காலுக்குக் கால்.

நூர் வேற்றாள் இல்லை. மரைன் ஹில்லில் அருளின் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளித்தான் குடியிருந்தான். அந்த வாரம் வியாழக்கிழமை, குழாயடியில் குடத்தோடு நின்ற அவன் மனைவி கரீமா, அருளைப் பார்த்ததும் குடத்தைக் கீழே வைத்துவிட்டு வந்தாள்.

"அண்ணே, செவ்வாக்கெழம அவங்களுக்கு மெடிக்கல். கப்பல் வேலைக்குக் கூப்பிட்டிருக்காங்க. மூணு வருஷமா ஆபீஸ் ஆபீஸா அலைஞ்சு கெடச்சது. ஜெட்டில என்ன பேசிக்கறாங்கன்னு என் காதுலயும் விழுதுண்ணே. ஆட வேணாம்னா கேக்க மாட்டேங்கறாங்க. நீங்க சொல்லுங்க, அவங்க காலுக்கு ஒண்ணும் ஆவாதுன்னு."

அருளுக்குச் சிரிப்பு வந்தது. "ஏம்மா, என் டீம்ல நான் சொல்லாம ஒரு கால் நகருமா? நூரோட கால் என் பொறுப்பு. நீ தண்ணியப் பிடிச்சிட்டுப் போ."

கரீமா முகம் தெளிந்து குடத்தைத் தூக்கிக்கொண்டாள். கேப்டன் வாக்குக் கொடுத்தாயிற்று, அதற்கு மேல் என்ன வேண்டும் என்ற நிம்மதி அவளுக்கு.

ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்தே வானம் மூடிக்கொண்டு கிடந்தது. மழையும் பெய்யவில்லை, வெளிச்சமும் வரவில்லை. மூன்று மணிக்கு அருள் மைதானத்துக்குள் நுழைந்தபோது முதலில் உறைத்தது சத்தம் இல்லாததுதான். மரமில் ஆட்கள் இருந்த பக்கம் தகரத்தைத் தட்டிக் கும்மாளம். ஜெட்டி ஆட்கள் இருந்த பக்கம் இருநூறு பேர் குடையை மடக்கி வைத்துக்கொண்டு வாயைத் திறக்காமல் நின்றார்கள். போன வருஷம் தொண்டை கிழியக் கத்தின அதே ஆட்கள். ஒருவன்கூட 'கேப்டன்' என்று கூப்பிடவில்லை. எதற்கோ காத்திருந்தார்கள்.

பன்னீர்செல்வம் காலை இழுத்துக்கொண்டு கிட்டே வந்தான்.

"கேப்டன், நீ ஒண்ணும் செய்ய வேணாம். நித்தாய்கிட்ட எல்லாம் சொல்லி வச்சிருக்கேன். நேரம் பாத்து 'மாரோ'ன்னு, அடின்னு ஒரு சத்தம் போடு. அது போதும்."

"என்னலே பேசுத? நான் ஃபுட்பால் ஆட வந்தவன். கசாப்புக் கடை வச்சிருக்கல."

"என் காலப் பாரு. பாத்துட்டுச் சொல்லு."

அருள் பார்த்தான். நேராக நித்தாயிடம் போனான். நித்தாய் மண்டல், வங்காளத்திலிருந்து குடியேறியவன், பின்வரிசைத் தடுப்பாளி. மரக்கட்டை மாதிரி உடம்பு. மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பன், ஜெட்டியில் இன்னும் தினக்கூலி. அடுத்த மாதம்தான் நிரந்தரம் ஆகப்போகிறான். வேலை வாங்கிக் கொடுத்தவன் அருள் என்பதால் அவனுக்கு அருள் சொன்னதுதான் வேதம்.

"நித்தாய், சுன். பன்னீர் கா பாத் சோடோ. மார்னா நஹீ" என்றான் அருள். கேள், பன்னீர் பேச்சை விடு, அடிக்கக் கூடாது.

நித்தாய் பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டே தலையாட்டினான். "ஆப் போலேகா தோ மாரேகா. நஹீ போலேகா தோ நஹீ மாரேகா."

நீங்கள் சொன்னால் அடிப்பேன், சொல்லாவிட்டால் மாட்டேன். பச்சைத் தண்ணீர் குடிப்பதுபோல் அவ்வளவு சாதாரணமாகச் சொன்னான். அந்த இடத்திலேயே அவனை வெளியே உட்கார வைத்திருக்க வேண்டும். அருளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் நித்தாய் இல்லாமல் நூரைத் தடுக்க ஆள் ஏது? கோப்பை வேண்டியிருந்தது மனுஷனுக்கு. நான்தான் சொல்லப்போவதில்லையே, பிறகு என்ன என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டான்.

ஆட்டம் தொடங்கியது. ரெஃபரி ஒரு போலீஸ் ஹவில்தார், வடக்கத்திக்காரர். முதல் பாதியில் ஆளுக்கொரு கோல். நூர் பந்தைத் தொடும்போதெல்லாம் ஜெட்டிப் பக்கத்து இருநூறு தலைகளும் நூரைப் பார்க்காமல் அருளைப் பார்த்தன. அவன் வாயைத்தான் பார்த்தன. அருளும் அதனாலேயே வார்த்தைகளை எண்ணி எண்ணிக் கத்தினான். 'பத்லி' என்றான், பின்னால் வரச் சொல்லி 'பீச்சே' என்றான். ஒவ்வொரு தடவையும் பின்னால் நித்தாயின் பூட்ஸ் முந்தின நாள் மழைச் சேற்றில் ஒரு அடி எடுத்து வைத்து நிற்பது கேட்டது.

இரண்டாம் பாதி முடியப் பத்து நிமிஷம் இருக்கும்போது மழை கொட்டத் தொடங்கியது. நூர் இடது ஓரத்திலிருந்து பந்தை எடுத்தான். ஒருவனை ஏய்த்தான், இன்னொருவனை ஏய்த்தான். அருள் எதிரே போக, காலிடுக்கில் பந்தை விட்டு அவனையும் தாண்டினான். மரமில் பக்கம் ஓவென்று சிரித்தது. கோலுக்கு முன்னால் ஜெகநாதன் மட்டும் தப்பான ஆளைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஜெகநாதன் அருளுக்குச் சொந்த ஊர்க்காரன். இரண்டு பேரும் ஒரே கடற்கரையில் ஓலைப் பந்து உதைத்து வளர்ந்தவர்கள். அவன் முகத்தைப் பார்த்ததும் அருளுக்கு மூன்று வருஷத்து இந்தி எங்கே போயிற்றோ தெரியவில்லை.

"ஜெகா! மாறு! மாறூ...!"

நாக்கில் சனி. வேறென்ன சொல்வது? ஆளை மாற்று என்றுதான் சொன்னான். ஆனால் அந்தத் தொண்டை, அந்த மழை, அந்த இழுப்பு. கடைசி எழுத்து நீண்டு காற்றில் போகும்போது அது மாறு இல்லை, மாரோ. அடி என்று அர்த்தம். வாயை விட்டுப் போன மறுகணமே அருளுக்கு அது கேட்டுவிட்டது. "சோடோ!" என்று கத்த வாயைத் திறந்தான். நித்தாய் அதற்குள் பாய்ந்துவிட்டான். பந்தின் பக்கம் அவன் பார்க்கக்கூட இல்லை.

எலும்பு முறிந்த சத்தம் மழையிலும் தெளிவாகக் கேட்டது.

நூர் சேற்றில் விழுந்தான். வலது கால் முழங்காலுக்குக் கீழே வேறு பக்கம் திரும்பிக் கிடந்தது. அப்போது அருளுக்குள் ஒன்று நடந்தது. அதை அவன் பாதிரியாரிடம்கூடச் சொன்னதில்லை. காலிடுக்கில் பந்தை விட்டுச் சிரிக்க வைத்தவன் மண்ணில் கிடப்பதைப் பார்த்து, ஒரே ஒரு நொடி அவன் மனசு குளிர்ந்தது. அடுத்த நொடியே ஐயோ என்று ஓடினான்தான். ஆனாலும் குளிர்ந்தது குளிர்ந்ததுதான்.

ஜெட்டிப் பக்கத்து மௌனம் அப்போதுதான் உடைந்தது. "கேப்டன்! கேப்டன்!" என்று மழையை மீறிக்கொண்டு இருநூறு தொண்டைகள். பன்னீர்செல்வம் கோட்டுக்கு வெளியே மண்டியிட்டு அழுதுகொண்டிருந்தான்.

ஹவில்தார் நித்தாயின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். இது ஆட்டம் இல்லை, தாணாவுக்கு, போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிற விஷயம் என்றார். எவன் சொல்லிச் செய்தாய் என்று உலுக்கினார்.

"கேப்டன் போலா" என்றான் நித்தாய், கேப்டன் சொன்னார் என்று. காட்டிக்கொடுக்கிற தொனி துளியும் இல்லை. சொன்னதைச் செய்துவிட்டேன், சரிதானே என்று அருளைப் பார்த்தான்.

நூர் பல்லைக் கடித்துக்கொண்டு தலையைத் தூக்கினான். அந்த வலியிலும் அவனுக்கு நியாயம் தவறவில்லை. "நஹீ சாப்... அவரு அடிக்கச் சொல்லல. மாறுன்னாரு. தமிழ்ல அது வேற. அருளண்ணே, சொல்லுங்க. மாறுன்னுதானே சொன்னீங்க? என் காதுல விழுந்துச்சே."

ஹவில்தார் அருளைப் பார்த்தார். ஆமாம் என்றால் போதும். உண்மையும் அதுதான். ஆனால் யாரும் சொல்லாமல் நித்தாயே அடித்தான் என்று ஆகும். அடுத்த மாதம் நிரந்தரம் ஆகப்போகிறவன் லாக்கப்பில் உட்காருவான், அந்த மூன்று பிள்ளைகள் தெருவில் நிற்கும். மூன்று வருஷமாக 'யோசிக்காதே, நான் சொன்னதைச் செய்' என்று அவனைப் பழக்கியது யார்? அவனை இன்று களத்தில் இறக்கியது யார்? வாய் வரை வந்த ஆமாமை அருள் விழுங்கினான்.

"மாரோ தான் போலா, சாப். மேனே போலா. உஸ்கோ சோடோ." அடி என்றுதான் சொன்னேன், நான்தான் சொன்னேன், அவனை விட்டுவிடுங்கள்.

நூர் அவன் பக்கம் திரும்பினான். "அப்ப நெசமாவே அதைத்தான் சொன்னீங்களா?" என்று மெதுவாகக் கேட்டான். பிறகு முகத்தை மறு பக்கம் திருப்பிக்கொண்டான். அருளுக்குப் பின்னால் நீலச்சட்டைக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். ஜெகநாதன் முதல் ராஞ்சிக்காரர் வரை பத்துப் பேரும், யாரும் கூப்பிடாமலே.

நூரை ஏற்ற மரமில் லாரி வருவதற்குள் சேதி கேட்டு மரைன் ஹில் மேட்டிலிருந்து கரீமா ஓடி வந்துவிட்டாள். செருப்பில்லை, குடையில்லை. புருஷனின் காலைப் பார்த்தாள். அவள் அழுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று அருள் எதிர்பார்த்தான். செய்திருந்தால் தேவலை. அவள் அவன் முன்னால் வந்து நின்று, குழாயடியில் பேசின அதே குரலில் கேட்டாள்.

"சனங்க என்னென்னவோ சொல்லுதுண்ணே. நான் நம்பல. நீங்க சொல்லியா அடிச்சாங்க?"

நித்தாய் அவன் தோளுக்குப் பின்னால் நின்றான். ஹவில்தார் பென்சிலோடு நின்றார். இவளிடம் தமிழில் ஒரு வரி சொன்னால் போதும், இவளுக்குப் புரியும். அந்த ஒரு வரியை அருள் தேடினான். தேடும்போது, நூர் விழுந்ததும் மனசு குளிர்ந்த அந்த நொடிதான் திரும்பத் திரும்பக் கையில் தட்டுப்பட்டது. மாறு என்றுதான் சொன்னேன் என்று சத்தியம் பண்ண அவன் நாக்கு எழவில்லை.

"ஆமாம்மா" என்றான். "நான்தான் சொன்னேன்."

கரீமா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு லாரியில் ஏறி, நூரின் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.