காலைத் தட்டாதே

என் மகள் ஏலவார்குழலிக்குக் காது கேட்காது. இரண்டு வயதில் வந்த காய்ச்சல் காதையும் பேச்சையும் சேர்த்துக் கொண்டுபோய்விட்டது. ஏகாம்பரநாதர் கோயில் அம்மன் பேரை ஆசை ஆசையாக வைத்தது எதற்கு, கூப்பிடத்தானே? கூப்பிட்டால் யாருக்குக் கேட்கிறது.

வீட்டில் அதனால் ஒன்றும் நின்றுபோகவில்லை. என் வீட்டுக்காரர் நாள் முழுக்கத் தறிக்குழியில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தறிச் சத்தத்தில் தொண்டை கிழியக் கத்தினாலும் அவருக்கு எட்டாது. தரையில் குதிகாலால் ஒரு தட்டுத் தட்டினால் குழிவரைக்கும் அதிரும், நிமிர்ந்து பார்ப்பார். குழலிக்கும் அதே வழக்கம்தான். நாங்கள் தட்டினால் அவள் திரும்புவாள். அவள் தட்டினால் நாங்கள் திரும்புவோம். பசிக்கு ஒரு தட்டு, கோபத்துக்கு நாலு தட்டு. கெட்டிக்காரி.

முனிசிபாலிட்டி பள்ளிக்கூடத்தில் கெஞ்சித்தான் சேர்த்தேன். சிலேட்டில் தன் பேரை எழுதிக் காட்டிய அன்று, அவர் நெய்வதை நிறுத்திவிட்டு எழுந்து வந்து பார்த்தார்.

ஆடி மாதம் பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்தது. ஓடினேன். குழலி வராந்தாவில் முட்டி போட்டிருந்தாள். பாவாடை நனைந்திருந்தது. என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள்.

"இன்னா டீச்சர் பண்ணா?"

"என்னைப் பார்த்துத் தரையில காலை உதைக்கிறாம்மா. முறைச்சா இன்னும் ரெண்டு உதை" என்றார் காமாட்சியம்மாள் டீச்சர்.

"அது திமிரு இல்ல டீச்சர். ஒண்ணுக்குப் போவணும்னு உங்களக் கூப்ட்டுக்கினு இருந்துருக்கா. எங்க ஊட்ல அப்டிதான் கூப்புடுவோம்."

டீச்சர் குனிந்து குழலியைத் தூக்கி நிறுத்தினார். நல்ல மனுஷி, அதுதான் எனக்கு ஆத்திரம். கெட்டவளாக இருந்தால் மண்ணை வாரித் தூற்றிவிட்டு வந்திருப்பேன்.

"தெரியாம அடிச்சி முட்டி போட வச்சிட்டேன். ஆனா இவளைப் பார்த்து கிளாஸே உதைக்குது. இந்தப் பழக்கத்தை விட்டாதான் இங்க இருக்கலாம்னு ஹெட்மாஸ்டர் சொல்லிட்டாரு. கையைத் தூக்கச் சொல்லிக் குடும்மா."

"நீங்க அந்தாண்ட திரும்பி போர்டுல எழுதிக்கினு இருந்தா?"

"நான் திரும்புற வரைக்கும் காத்திருக்கட்டும்."

வேறு எவன் இவளைச் சேர்த்துக்கொள்வான்? வாயை மூடிக்கொண்டு வந்தேன்.

அன்றிலிருந்து அவள் தட்டினால் நாங்கள் திரும்பவில்லை. பெற்றவளுக்கு அது லேசில் முடிகிற காரியமா? அவள் தட்டத் தட்ட என் முதுகு கூசும். அவர் குழிக்குள் குனிந்தபடியே, கண்ணீர் பட்டில் விழாமல் துண்டால் துடைத்துக்கொள்வார். கையைத் தூக்கினால் மட்டும் ஓடிப்போய்க் கட்டிக்கொள்வேன். தை பிறப்பதற்குள் தட்டுவதையே விட்டுவிட்டாள். "இப்ப தங்கமா இருக்கா, இருக்கிற இடமே தெரியலை" என்றார் டீச்சர்.

மாசியில் ஒரு சாயங்காலம் கஞ்சி வடித்துவிட்டுத் திரும்பினேன். குழலி எனக்குப் பின்னால் கையைத் தூக்கியபடி நின்றிருந்தாள். அரிவாள்மணை உள்ளங்கையைக் கிழித்திருந்தது. ரத்தம் முழங்கை வழியாக இறங்கி, பாவாடையை நனைத்து, தரையில் தேங்கியிருந்தது. எவ்வளவு நேரமாக நின்றாளோ, என் கண்ணே.

"ஏண்டி தட்டல?" என்று கத்தினேன். கத்தி என்ன பிரயோசனம்? தட்டுடி, தட்டுடி என்று நானே குதிகாலால் தரையை ஓங்கி ஓங்கித் தட்டிக் காட்டினேன். அவர் தறியிலிருந்து எழுந்து ஓடிவந்தார்.

குழலி பயந்துபோய் உட்கார்ந்து, நல்ல கையால் என் காலைத் தரையோடு அமுக்கிப் பிடித்துக்கொண்டாள். வேண்டாம், வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.