பதக்கம் வாங்கிய கண்ணாடி

எங்கள் ஊர்க்காரர்களைப் போலக் கைத்திறன் உள்ளவர்களை போஹீமியா வட்டாரம் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. பெருமைக்காகச் சொல்லவில்லை, வயிற்றெரிச்சலில் சொல்கிறேன்.

1958இல் பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சிக்கு எங்கள் ஊர்க் கண்ணாடித் தொழிற்சாலை ஒரு சிறு மண்டபம் செய்து அனுப்பியது. ஒல்லியான இரும்புக் கால்கள்மேல் நிற்கும், சுவர் முழுக்க வில்லாய் வளைந்த கண்ணாடி. அந்தச் சுவருக்குத்தான் தங்கப் பதக்கம். கண்காட்சி முடிந்ததும் எல்லாவற்றையும் கழற்றி, ரயிலேற்றிக் கொண்டுவந்து ஆற்றங்கரையில் மறுபடி பூட்டினார்கள். அன்றிலிருந்து ஊர்ப் பிள்ளைகள் பதினாறு வயதில் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு ஜோடி சேர்ந்து வால்ட்ஸ் நடனம் ஆடப் பழகுவது அங்கேதான். நானும் அங்கேதான் பழகினேன், பல வருடமாக அங்கேதான் சொல்லிக்கொடுத்து வந்தேன். சாயங்கால வெயில் அந்த வளைவில் இறங்கும்போது, தன் காலையே மிதித்துக்கொள்ளும் பையன்கூட அழகாகத் தெரிவான்.

மேயர் லூபோருக்கு அதை இடித்து வண்டி நிறுத்துமிடம் கட்ட வேண்டும். "இங்க யாரு வந்து நிறுத்தப் போறா?" என்று கேட்டால், "இடம் இருந்தா தானா வருவாங்க ஹெட்விகா" என்பார். தடுக்க ஒரே வழிதான் இருந்தது. தலைநகர் பிராக்கில் உள்ள தொல்சின்னத் துறை அதைப் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவிக்க வேண்டும். மனுமேல் மனுவாக எழுதி என் கை ஓய்ந்தபோது, ஒருவழியாக விளாஸ்தா என்ற அதிகாரி வந்தார்.

வந்தவர் கண்ணாடிகளின் மூலைகளை விரலால் தடவிக்கொண்டே மண்டபத்தைச் சுற்றினார். முகம் கோணிக்கொண்டே போனது.

"அசல் கண்ணாடின்னா மூலையில ஒரு குட்டி நட்சத்திரம் பொறிச்சிருக்கும். இங்க ஒண்ணுலகூட இல்லையேம்மா."

"நல்லாப் பாருங்க மேடம். அழுக்குல மறைஞ்சிருக்கும்."

"பார்த்துட்டேன். அருமையா வளைச்சிருக்காங்க, ஆனா எல்லாமே பின்னாடி போட்டது. பதக்கம் வாங்குன சுவர் இது இல்ல."

கூடவே வந்திருந்த மேயர் மீசைக்குள் சிரித்தார். உதவி கேட்டுத் தோட்டக்காரர் சங்கத் தலைவர் ஓட்டகர் பக்கம் திரும்பினால், மனிதர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். தொழிற்சாலையிலேயே ஆயுசைக் கழித்தவர் அவர்.

"மேடம் வெறும் வயித்தோட போகக் கூடாது. பக்கத்துலதான் நம்ம தோட்டம். ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க" என்றார். விருந்தாளியைச் சும்மா அனுப்பத் தெரியாத வாய் அது. அந்த வாயால்தான் கெட்டது.

குளிர் படாமல் செடி வளர்க்கும் அவருடைய கண்ணாடிக் குடிலில் தக்காளி கொத்துக் கொத்தாய்த் தொங்கியது. விளாஸ்தா பிளம் சாராயக் கிண்ணத்தை உதட்டுவரை கொண்டுபோய் அப்படியே நிறுத்தினார். எதிரே, கண்ணாடியின் மூலையில், குட்டி நட்சத்திரம்.

"இது எங்கேர்ந்து வந்துச்சு?"

"பிரஸ்ஸல்ஸ் கண்ணாடி மேடம்!" ஓட்டகருக்கு மார்பு விரிந்தது. "இதுக்குக் கீழ வெச்சா ஜூன்லயே பழுத்துரும். இந்த வரிசையில எல்லாக் குடிலும் இதுதான்!"

அவரைச் சட்டைக் காலரோடு வெளியே இழுத்துவந்தேன்.

"நான் மொத ஆளு இல்லம்மா. பக்கத்துக் குடில் யாரோஷ்தான் ஆரம்பிச்சான். சனிக்கிழமை சிரமதானத்துல மண்டபத்தத் துடைக்கிறப்ப ஒண்ணக் கழட்டிட்டுப் போயிட்டான். அந்த வருஷம் அவன் தக்காளியப் பார்க்கணுமே! அப்புறம் நாங்க மட்டும் என்ன மடையனுங்களா?"

"திருட்டுப் பசங்களா!"

"திருட்டா? ஒண்ணு எடுத்தா ஒண்ணு வெச்சோம்! ராத்திரி ஷிப்ட்ல நாங்களே வளைச்சு, ஒரு நூல் பிசகாம மாட்டினோம். உனக்கே தெரியலையே இத்தன வருஷம்? அதுவும் அந்தக் கம்யூனிஸ்ட் காலத்துல ஊரே சொல்லும், அரசாங்கத்துகிட்ட திருடாதவன் பொண்டாட்டி புள்ளைகிட்ட திருடுறான்னு."

"அவ்வளவு நல்லா வளைக்கத் தெரிஞ்சவங்க, வளைச்சதையே வீட்டுக்குக் கொண்டுபோயிருக்க வேண்டியதுதானே அண்ணே?"

ஓட்டகர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"அதுக்குப் பதக்கம் இல்லையேம்மா."

சுவரில் முட்டிக்கொள்ளலாம் என்றால், சுவரும் போலி.

"சரி, எல்லாரும் கழட்டித் திருப்பி மாட்டுங்க. நாளைக்கே."

"மனசு இருக்கும்மா, கண்ணாடிதான் இல்ல. நான் கதவுக்காக ரெண்டா அறுத்துட்டேன். யாரோஷ் அடுப்புப் புகை போகட்டும்னு ஓட்டை போட்டுட்டான்."

துறையின் முடிவு இலையுதிர் காலத்தில் வந்தது. மண்டபம் நகல், பாதுகாப்பு கிடையாது. தோட்டத்துக் குடில்கள் அசல், அவற்றை யாரும் தொடக் கூடாது. பனி உருகியதும் இடிக்கும் வண்டி வந்தது. அந்தக் கண்ணாடி உடைந்தபோது நான் நடுத்தெருவில் நின்று அழுதேன். நகலோ அசலோ, என் பிள்ளைகள் ஆடியது அதற்குள்தானே! ஓட்டகரும் பக்கத்தில் நின்று மூக்கைச் சிந்தினார். உடைந்ததில் பாதி அவர் வளைத்தது.

இப்போது பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் சொல்லிக்கொடுக்கிறேன். வியர்வை நாற்றத்தில் வால்ட்ஸ் எப்படி வரும்? ஓட்டகரோ குடில் கதவுக்கு ஒரு கீல் மாற்றக்கூட பிராக்கில் அனுமதி கேட்க வேண்டும். "மனு எழுதுறதுல உனக்குத்தான் கை பழக்கம்" என்று தக்காளிக் கூடையோடு வந்து நிற்கிறார். கூடையை வாங்கிக்கொண்டேன், மனு எழுதித் தரவில்லை.

மேயர் சொன்னது மட்டும் பலித்தது. குடில்களைப் பார்க்க ஆட்கள் வருகிறார்கள், பேருந்து பேருந்தாக. போன ஞாயிற்றுக்கிழமை ஆற்றங்கரையில் இறங்கிய ஒரு பெண் என்னிடம் வந்தாள்.

"ஏங்க, குடிலெல்லாம் பார்த்தோம், ரொம்ப அழகு. அந்தக் கண்ணாடி மண்டபம் எங்கங்க இருக்கு?"

"அதுமேலதான் வண்டிய நிறுத்தியிருக்கீங்க" என்றேன்.