மண் பிடித்து வைத்தது

மண் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்குச் சல்லடைக்காரி என்றுதான் பெயர். பன்னிரண்டு வருடமாக ஊரார் மண்ணையெல்லாம் சலித்தவள். இன்று வந்திருந்தது சொந்தக் கொழுந்தனின் வயல் மண்.

கொழுந்தன் எட்டு வருடமாகக் குத்தகை நிலத்தில் வைக்கோலையும் சாணத்தையும் போட்டு உழுதவன். நிலக்காரருக்கோ செங்கல் சூளை இருக்கிறது. களிமண்ணைப் பார்த்தாலே அவர் கண்ணுக்குச் செங்கல்தான் தெரியும். "மண்ணுல கார்பன், அதான் மக்குன சத்து, ஏறியிருந்தா இன்னும் அஞ்சு வருஷம் உழுதுக்க. இல்லேன்னா வெட்டி எடுத்துடுவேன்" என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

கூடத்து வழக்கம் எளிது. மண்ணைக் கனமான உப்புக் கரைசலில் குலுக்கி வைத்தால் வேர், தாள், துரும்பு எல்லாம் மிதக்கும். மிதப்பதை வடித்து, எரித்து, கார்பனை அளப்பார்கள். அடியில் படியும் சேறு வாளிக்குப் போகும். அதை யாரும் சீந்துவதில்லை.

வயல் மண்ணை ஒரு குழாயிலும், வரப்புக்கு வெளியே எடுத்த தரிசு மண்ணை இன்னொன்றிலும் குலுக்கி வைத்தாள். இரண்டிலும் மிதந்தது ஒரு சிட்டிகைதான். கொழுந்தனைப் போனில் கூப்பிட்டுச் சொன்னாள்.

"எட்டு வருஷ வைக்கோலும் எங்க அண்ணி போச்சு?"

"பதறாத தம்பி. நான் பாக்குறேன்."

வாய்தான் அப்படிச் சொன்னது. கை பழக்கதோஷத்தில் தரிசுக் குழாயை வாளியில் கவிழ்த்துவிட்டது. விழுந்த சேறு பளிச்சென்று செங்கல் நிறத்தில் இருந்தது. அடுத்து வயல் குழாயைச் சாய்க்கப் போனவள் அப்படியே நின்றாள். அதன் சேறு கருத்துக் கிடந்தது.

'அடிப் பாவி, இத்தனை வருஷம் எதைக் கொட்டிக்கிட்டிருந்தே!' என்று தன்னையே திட்டிக்கொண்டாள். பையில் மிச்சமிருந்த தரிசு மண்ணைப் புதிதாகக் குலுக்கினாள். இரண்டு சேற்றையும் உப்புப் போகக் கழுவி, உலர்த்தி, மறுநாள் எரித்து அளந்தாள். வயல் சேற்றில் கார்பன் தரிசைப் போல ஒன்றரை மடங்கு இருந்தது. மூன்று முறை அளந்தும் அதேதான்.

நிலக்காரர் கொழுந்தனோடு நேரிலேயே வந்துவிட்டார். அவள் எழுதிக் கொடுத்த முடிவுத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மண்ணுல கண்ணுக்கு ஒண்ணும் தெரியலையேம்மா?"

"மட்கிக் கரைஞ்சதைக் களிமண்ணும் அதுல இருக்கிற இரும்புத் துருவும் கெட்டியாப் பிடிச்சு வச்சிருக்குங்க. கிருமிகூட லேசுல பிரிச்சுத் தின்ன முடியாது. வெறும் மணலா இருந்தா முக்காவாசி காத்தோட போயிருக்கும்."

"சூளையில வச்சா?"

"அத்தனையும் புகைதாங்க."

அவர் தாளை மடித்துக் கொழுந்தன் கையில் கொடுத்தார். "இவன் எட்டு வருஷம் சேத்து வச்சதை நான் ஒரே நாள்ல புகையா விடவா? செங்கல்லுக்கு வேற இடம் பாத்துக்கறேன். நீ உழுப்பா."

கொழுந்தன் அவள் பக்கம் திரும்பினான்.

"வீணாப் போகல, இல்ல அண்ணி?" என்று கேட்டான்.

"போகல தம்பி" என்றாள். சொல்லும்போதே அவளுக்கும் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.