மாலை போட்ட படம்

உடையப்பன் திரையில் முதன்முதலாகச் செத்தது ஒரு மலாய்ப் படத்தில். கம்யூனிஸ்டுகள் சுட்ட பால்மரத் தொழிலாளியாக, கதை தொடங்குவதற்கு முன்பே. அடுத்த படத்தில் தலைப்பாகை கட்டிய பங்களாக் காவல்காரர், திருடன் குத்தினான். பிறகு தொலைக்காட்சி. குடிகார அப்பா, காசநோய் வாத்தியார், தீபாவளிக்கு நரகாசுரன். கறுப்பு வெள்ளைக் காலத்தில் ரத்தத்துக்குக் கிச்சாப் என்கிற கறுப்புச் சோயா சாஸ் ஊற்றினார்கள். கலர் வந்ததும் தித்திக்கும் ரோஸ் சிராப். கலை வளர்ந்ததில் எறும்புகளுக்குத்தான் லாபம்.

இயக்குநர் பழனியப்பன் சிக்கனக்காரர். ஒரு நாடகத்துக்காக உடையப்பனைப் படமெடுத்து, சட்டம் போட்டு, கண்ணாடிமேல் பொட்டு வைத்து, பிளாஸ்டிக் மாலை மாட்டினார். அதற்கப்புறம் எந்த நாடகத்தில் அப்பா இல்லாவிட்டாலும் சுவரில் அந்தப் படம்தான். கதாநாயகி அதன் முன்னால் நின்று அழுவாள். உடையப்பனோ ஈப்போவில் மணல் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். அவர் மனைவி பாப்பா சிலிம் ரிவர் பக்கம் பழைய எஸ்டேட்டுக்குத் தனியாகப் போனால், அவள் குங்குமத்தைப் பார்த்துவிட்டுப் பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

அவருக்கு ஆசை ஒன்றுதான். ஒரு தரமாவது உயிரோடு வந்து நாலு வார்த்தை பேசிவிட வேண்டும்.

எண்பத்து நான்கில் ஈப்போ கலை மன்றம் ஒன்று அவரைப் பாராட்ட முடிவு செய்தது. தலைவர் ஞானசேகரம் யாழ்ப்பாணத்துக்காரர், ஓய்வுபெற்ற தலைமைக் குமாஸ்தா. தமிழ் நாடகங்களை அவர் பார்ப்பதில்லை, பாராட்டுவதோடு சரி. நோட்டீசில் போடத் தொலைக்காட்சி நிலையத்திலிருந்து படம் கேட்டு வாங்கினார். மாலையோடும் பொட்டோடும் வந்தது. இரண்டு நிமிடம் வருந்திவிட்டு, பாராட்டு விழாவை நினைவஞ்சலி விழாவாக மாற்றினார். மண்டபம் அதேதான், பொன்னாடைச் செலவு மிச்சம்.

ஈப்போவில் சிலிபின் பக்கத்துச் சாப்பாட்டுக் கடைச் சுவரில் நோட்டீசைப் பார்த்துவிட்டு வந்த பாப்பா, "நீங்க போய்ச் சேந்துட்டீங்களாம். சனிக்கிழமை விழா" என்றாள்.

"தலைமை யாரு?"

"பழனியப்பனாம்."

"அப்ப போலாம். நேர்லயே சான்ஸ் கேட்டுர்றேன்."

"செத்த மனுசன் போயி சான்ஸ் கேக்குறதா? நல்லாருக்கு லா."

பின் வரிசையில் உட்கார்ந்தார்கள். ஞானசேகரம் மேடையில், அமரரின் கடைசி மூச்சும் கலை, கலை என்றே பிரிந்ததாகச் சொன்னார். பக்கத்திலிருந்தவர் போல விவரமாகச் சொன்னார். பிறகு எல்லாரும் ஒரு நிமிட மௌனம். உடையப்பனும் எழுந்து நின்றார். பாப்பா இழுத்த இழுப்புக்கும் அசையவில்லை.

கேசரியும் மீ கோரேங்கும் பரிமாறும்போது நேராகத் தலைவரிடம் போனார். ஞானசேகரம் அவரைப் பார்த்தார், மேடையிலிருந்த படத்தைப் பார்த்தார், மறுபடி அவரைப் பார்த்தார்.

"தம்பி, தீர்மானம் நிறைவேத்தியாச்சு" என்றார் மெதுவாக. "பேப்பருக்கும் குடுத்தாச்சு. இனி மாத்திறது கஷ்டம். சத்தம் போடாமல் சாப்பிட்டிட்டுப் போம்."

பழனியப்பன் மட்டும் திடுக்கிடவில்லை. கேசரியை மென்றபடியே, "வாங்கண்ணே. நானும் சொல்லலாம்னுதான் பாத்தேன். நல்லாப் பேசிட்டிருந்தாரு, கெடுப்பானேன்னு விட்டுட்டேன்" என்றார்.

"தம்பி, ஒரு வேஷம் குடுங்க. நானே வாரேன். படம் வேணாம்."

"நீங்க வந்தா சம்பளம், சாப்பாடு, மேக்கப்பு. படம் ஒன்னும் கேக்காது லா." பழனியப்பன் விரலை நக்கிக்கொண்டார். "ஆனா இன்னிக்கு நின்னீங்களே, கண்ணுகூட சிமிட்டாம. அப்பத்தான் ஒன்னு தோணுச்சு. ஒரு வேஷம் இருக்குண்ணே."

"உயிரோடவா?"

"உயிரோடதான். கதாநாயகியோட அப்பா. பக்கவாதம். கட்டில்ல படுத்திருக்கணும்."

"வசனம்?"

"வாய் கோணிருமேண்ணே. கண்ணால பேசணும்."

"கடைசி வரைக்கும் வாரேனா?"

"ரெண்டாவது வாரம் போயிருவீங்க. அதான் படம் ரெடியா இருக்கே."

உடையப்பன் மேடையைப் பார்த்தார். படத்துக்கு இன்று நிஜ மல்லிகை மாலை போட்டிருந்தார்கள். பாப்பா தட்டோடு நின்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"திங்கக்கிழமை பஸ்ஸேறி வாரேன்" என்றார் உடையப்பன். சற்று நின்று, "பக்கவாதத்துக்கு ரத்தம் கிடையாதுல்ல? எறும்பு கடி தாங்கல லா" என்றார்.